ஜோதி சொன்ன ஒருவேளை

இப்படி வந்து உட்காருங்க சார். அந்தப் பக்கம் உட்கார்ந்தா புகை அத்தனையும் மூஞ்சியில அடிக்கும். இந்தக் கப்பல்ல எத்தனையோ தடவை போய் வந்தவன் நான். எந்த மூலையில காத்து வரும், எந்த மூலையில குமட்டல் வரும்னு எனக்குத் தெரியும். கீழ பங்க் கிளாஸ்ல எங்கம்மா படுத்திருக்காங்க. கடல் ஒத்துக்கலன்னு சொல்றாங்க. நாப்பது வருஷமா அந்தமான் தீவுல இருக்கிறவங்களுக்குக் கடல் ஒத்துக்கலயாம். என் முகத்தைப் பாக்கப் பிடிக்கல, அதான் விஷயம்.

நீங்க ஊர் சுத்திப் பாக்க வந்தீங்களா? பாத்தீங்கல்ல, எவ்வளவு அமைதி. அந்த அமைதியில நான் ஒருத்தன்தான் சத்தம். போர்ட் பிளேர்ல மைக்செட், வாடகை சேர் எல்லாம் வச்சிருக்கேன். சாத்தையான்னு கேட்டா சொல்லுவாங்க. முருகன் கோயில் திருவிழா, சர்ச் திருவிழா, காது குத்து, கட்சிக் கூட்டம், எல்லாத்துக்கும் நம்ம குழாய்தான், நம்ம குரல்தான். தமிழ், இந்தி, கொஞ்சம் பெங்காலி. எங்கப்பா ராமநாதபுரத்துல இருந்து கொத்தனார் வேலைக்கு வந்தவரு. அந்தப் பெரிய அலை வந்தப்ப கார் நிகோபார் தீவுல ஒரு கட்டட வேலையில இருந்தாரு. திரும்பி வரல. உடம்பும் கிடைக்கல. அப்ப என் தங்கச்சி நாகஜோதி ஸ்கூல்ல படிச்சிக்கிட்டு இருந்தா.

அவளைப் பத்தித்தான் சார் சொல்ல வந்தேன். அவளா எனக்குப் போன் பண்ணிப் பேசி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. நான் என்ன தப்பு பண்ணினேன்னு நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

ஜோதி நல்லாப் படிப்பா. மெயின்லேண்டுக்குப் போயி பிசிக்ஸ் படிச்சா, டாக்டர் பட்டம் வாங்கினா, கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு ஆராய்ச்சிக் கூடத்துல சேர்ந்தா. என்ன ஆராய்ச்சின்னு கேட்டேன். பூகம்பம்னா. சரி, அப்பாவை நினைச்சு எடுத்திருக்கான்னு எனக்கும் நெஞ்சு நிறைஞ்சுபோச்சு. ஆனா அவ பாக்குறது பூமியை இல்ல சார், வானத்தை. ரொம்ப ரொம்ப மேல. விமானம் பறக்குற உயரத்துக்கெல்லாம் மேல. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஆடுறது கீழ, நீ ஏன்டி மேல பாக்குறேன்னு கேட்டேன்.

அவ பொறுமையாச் சொன்னா. அங்க மேல எலக்ட்ரான் கூட்டம் கூட்டமா மிதக்குதாம். நம்ம செல்போனுக்கு வழி காட்டுற சாட்டிலைட் இருக்குல்ல, அதோட சிக்னல் அந்தக் கூட்டத்துக்குள்ள புகுந்துதான் கீழ வருதாம். வர்றப்ப எவ்வளவு தாமதமாகுதுன்னு பாத்து, மேல கூட்டம் அதிகமா கம்மியான்னு கணக்குப் போடுவாங்களாம். பெரிய பூகம்பத்துக்கு முன்னாடி சில நேரம் அந்தக் கூட்டத்துல ஏத்த இறக்கம் தெரிஞ்சிருக்குன்னு சில பேர் சொல்றாங்களாம். அதெல்லாம் தற்செயல்னு சில பேர் சொல்றாங்களாம்.

"உலை கொதிக்கிறதுக்கு முன்னாடி மூடி லேசா அசையுதான்னு பாக்குற மாதிரிண்ணே" அப்படின்னா. "ஆனா மூடி காத்துக்கும் அசையும். பக்கத்துல யாராவது நடந்தாலும் அசையும். சூரியன்ல ஒரு சின்னப் புயல் அடிச்சாப் போதும், மேல எல்லாம் கலங்கிப் போயிரும். அதுல எது உலைன்னு கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை. இன்னும் யாருக்கும் தெரியாது."

இதுல பாதி எனக்குப் புரிஞ்சுது. என் தங்கச்சி பூகம்பத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்கிறவள்னு காலனி முழுக்கச் சொன்னேன். திருவிழா மேடையில கூடச் சொன்னேன். பெருமைதானே சார்? அண்ணன் சொல்லாம யார் சொல்லுவா?

போன வருஷம் மழைக்காலம். சாயங்காலம் கடையில ஸ்பீக்கர் வயரைச் சுத்திக்கிட்டு இருக்கேன். போன் வருது.

"அண்ணே, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"உங்கண்ணிதான் இருக்கா. சொல்லு."

"கொஞ்சம் வெளிய வாண்ணே."

வெளிய வந்தேன். அவ குரலே சரியில்ல.

"ஒண்ணு சொல்றேன், நீ யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"நான் யார்கிட்டம்மா சொல்லப் போறேன்?"

"நம்ம கடலுக்கு மேல ரெண்டு மூணு நாளா ஒரு மாற்றம் தெரியுதுண்ணே. எலக்ட்ரான் வழக்கத்தைவிட கூடியிருக்கு. சூரியனும் அமைதியாத்தான் இருக்கு. ஒருவேளை ஒண்ணுமே இல்லாம இருக்கலாம். பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. இந்த மாதிரி எத்தனையோ பாத்திருக்கேன், எதுவும் ஆனதில்ல. ஆனா இது நம்ம வீட்டுக்கு மேல இருக்கு. என்னால உட்கார முடியல. அம்மாவைக் கொஞ்ச நாள் மேட்டுல இருக்கிற சித்தப்பா வீட்டுல விட்டு வை. என் திருப்திக்குத்தான்."

"வருமா வராதா, அதைச் சொல்லு."

"தெரியலண்ணே."

"தெரியாமயா போன் பண்ணின?"

"தெரியாததாலதாண்ணே பண்ணினேன். தெரிஞ்சா கவர்மெண்டுக்குச் சொல்லியிருப்பேன். ஆராய்ச்சி பண்றவளா நான் இதை வெளிய சொல்லவே கூடாது. அம்மாவுக்கு மகளாச் சொல்றேன். அவ்வளவுதான்."

போனை வச்சுட்டா. சார், நீங்க என் இடத்துல இருந்து பாருங்க. எங்க காலனி கடலை ஒட்டி, பள்ளத்துல இருக்கு. வரிசையா வீடு. அம்மாவை மட்டும் சத்தமில்லாம மேட்டுக்குக் கூட்டிட்டுப் போயி உட்கார வச்சுட்டு, நான் ஒண்ணும் தெரியாத மாதிரி பக்கத்து வீட்டுக்காரன்கூட டீ குடிக்கணுமா? நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா? எங்கப்பாவுக்கு அன்னைக்கு ஒருத்தன் மைக்ல கத்திச் சொல்லியிருந்தா அவர் இன்னைக்கு இருந்திருப்பாரு. ஒருத்தன், ஒரே ஒருத்தன் கத்தியிருந்தா. அதை நினைச்சுக்கிட்டே கிடந்தேன். விடிஞ்சதும் கூட்ஸ் ஆட்டோவுல குழாயைக் கட்டிட்டேன்.

என்ன சொன்னேன்னு அப்படியே சொல்றேன் கேளுங்க. "அன்பார்ந்த காலனிப் பொதுமக்களே! நமது மண்ணின் மகள், விஞ்ஞானி டாக்டர் நாகஜோதி அவர்கள் விடுத்துள்ள அவசர எச்சரிக்கை! பெரும் நில அதிர்வு வரவிருக்கிறது! அனைவரும் உடனடியாக மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குச் செல்லுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்!" அப்புறம் இதையே இந்தியில.

இதுல ஏதாச்சும் பொய் இருக்கா? அவ ஒருவேளைன்னு சொன்னா, உண்மைதான். ஆனா மைக்ல ஒருவேளைன்னு சொல்ல முடியாது சார். அது அந்தத் தொழில் தெரிஞ்சவனுக்குத்தான் புரியும். கப்பல் ஒருவேளை புறப்படலாம்னு அறிவிச்சா யார் மூட்டையைத் தூக்குவா? சனங்களுக்குப் புரியுற மாதிரி கொஞ்சம் சுருக்கினேன். அவ்வளவுதான். அவ பேரைச் சொல்லாம சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, அதனால சொன்னேன். என் பேரைச் சொன்னா எவன் ஏறுவான்?

ஏறினாங்க சார்! மழை கொட்டுது, அந்த மழையில கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு, ஆட்டுக்குட்டியை இழுத்துக்கிட்டு, டிவியைத் தார்ப்பாயில சுத்திக்கிட்டு ஏறினாங்க. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துருச்சு. பையில போன் அடிச்சுக்கிட்டே இருந்திருக்கு, குழாய்ச் சத்தத்துல எனக்குக் கேக்கல. ஆட்டோவை நிறுத்தி எடுத்துப் பாத்தா எல்லாம் ஜோதி.

"அண்ணே, நிறுத்து."

"பாதி சனம் ஏறிட்டாங்கம்மா! நீ கவலைப்படாதே!"

"நான் வரும்னு சொன்னேனா? அண்ணே, நான் வரும்னு சொன்னேனா?"

"சுருக்கமாச் சொன்னேன்மா."

லைன் கட்டாயிருச்சுன்னு நினைச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அழுதுக்கிட்டு இருந்திருக்கா. சந்தோஷத்துல இல்லன்னு எனக்கும் தெரியும் சார், அவ்வளவு முட்டாள் இல்ல நான்.

மத்தியானத்துக்குள்ள அது ஊரெல்லாம் பரவிருச்சு. எவனோ என் குரலை ரெக்கார்டு பண்ணி வாட்ஸ்அப்புல விட்டுட்டான். மெயின்லேண்டு டிவிக்காரன் ஒருத்தன் எனக்கே போன் பண்ணினான். தங்கச்சி போட்டோ இருக்கான்னு கேட்டான். பட்டமளிப்பு விழாவுல எடுத்தது இருந்துச்சு, கறுப்பு அங்கி போட்டு, லட்சணமா இருப்பா. அனுப்பினேன். அதைப் பெருசாப் போட்டு, கீழ "அந்தமானுக்கு ஆபத்து, தமிழ்ப் பெண் விஞ்ஞானி எச்சரிக்கை"ன்னு ஓட்டினான். மேட்டுல சித்தப்பா வீட்டு டிவியில அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா டிவியைப் பாக்கல, என்னைத்தான் பாத்தாங்க.

அப்புறம் போலீஸ் வந்துச்சு. அப்படி எந்த எச்சரிக்கையும் இல்லன்னு அரசாங்கம் சொல்லிருச்சு. வதந்தி பரப்பினேன்னு கேஸ். ஆம்பிளிஃபயரைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. ஜோதியோட ஆபீஸ்லயும் விசாரணையாம். தன்னைக் கேக்காம தன் பேர்ல யாரோ சொன்னதுன்னு அவ சொல்லியிருக்கலாம் இல்ல? சொல்லலயாம். போன் பண்ணினது நான்தான்னு ஒத்துக்கிட்டாளாம். படிச்சவ, ஆனா பொழைக்கத் தெரியல.

ஒண்ணும் வரல சார். கடல் சும்மா கிடந்துச்சு. பூமி சும்மா கிடந்துச்சு. மழை மட்டும் விடாமப் பேஞ்சுது. சனங்க ஒவ்வொருத்தரா என்னைத் திட்டிக்கிட்டே இறங்கினாங்க. எல்லாரும் இறங்கினாங்க, சவரிமுத்து மாமா மட்டும் இறங்கல.

சவரிமுத்து மாமா எங்க பக்கத்து வீடு. படகு ஓட்டினவரு. ஜோதிக்கு நீச்சல் சொல்லிக் குடுத்ததே அவருதான். அந்தப் பெரிய அலையில அவர் சம்சாரம் போயிட்டாங்க. கையைப் பிடிச்சிருந்தாராம், நழுவிருச்சாம். அதுக்கப்புறம் கடலைப் பாத்து உட்காரவே மாட்டாரு, நாற்காலியைத் திருப்பிப் போட்டுத்தான் உட்காருவாரு. அவரு பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி ஒரு தார்ப்பாயைக் கட்டிக்கிட்டு அங்கேயே இருந்துட்டாரு. அவர் மருமக மரியபுஷ்பம் கெஞ்சிப் பாத்துச்சு. போலீஸ்காரரே வந்து சொன்னாரு.

"பாப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்" அப்படின்னாரு. "பாப்பா இறங்கலாம்னு சொல்லட்டும், இறங்குறேன்."

பாத்தீங்களா சார், எங்க ஜோதி மேல எவ்வளவு மரியாதை! போலீஸ் சொல்லி நம்பல, சர்க்கார் சொல்லி நம்பல. இதை நான் ஜோதிக்கிட்டச் சொல்லணும்னு இருந்தேன், அவ கேக்கவே மாட்டேங்குறா.

மாமா என்கிட்ட கேட்டாரு. "சாத்தையா, பாப்பாவுக்குப் போன் போட்டுக் குடுடா, ஒரு வார்த்தை கேட்டுக்குறேன்"ன்னு. போட்டுக் குடுத்திருக்கலாம்தான். ஆனா அவ அப்ப கோவத்துல இருந்தா. கோவத்துல எதையாவது சொல்லி வச்சா, அதைக் கேட்டு அவர் இறங்கிட்டா, அப்புறம் நிஜமாவே வந்துருச்சுன்னா? யார் பொறுப்பு? அதனால சிக்னல் இல்ல மாமான்னு சொன்னேன். மறுபடியும் கேட்டாரு. மறுபடியும் சொன்னேன். அவர் நல்லதுக்குத்தானே?

அவருக்கு ஏற்கெனவே மூச்சிளைப்பு உண்டு சார். அதை எல்லாரும் மறந்துடுறாங்க. வயசும் எழுபதுக்கு மேல. மழையில நனைஞ்சு காய்ச்சல் வந்து, நெஞ்சுல சளி கட்டி, ஆஸ்பத்திரியில சேத்தோம். நானேதான் கூட்ஸ் ஆட்டோவுல படுக்க வச்சு ஓட்டிட்டுப் போனேன். ஒரு வாரம் இருந்தாரு. அப்புறம் முடியல.

அடக்கத்துக்கு ஜோதி வந்தா. பிளைட் பிடிச்சு நேரா மாமா வீட்டுக்கு. நம்ம வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகணும், திரும்பிக்கூடப் பாக்கல. சாவு வீட்டுல பெட்டிக்குப் பக்கத்துல உட்கார்ந்து அவர் காலைப் பிடிச்சிக்கிட்டே இருந்தா. மரியபுஷ்பத்துக்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா.

"எதுக்குக்கா அவரை மழையில விட்டீங்க?"

அந்தப் பொண்ணு தேம்பித் தேம்பிச் சொல்லுது, "நீ இறங்கலாம்னு சொன்னாத்தான் இறங்குவேன்னாரு ஜோதி. உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. சாத்தையா அண்ணன்தான் சிக்னல் இல்லன்னுச்சு."

சார், இதைப் போயி அந்த நேரத்துல சொல்லணுமா? சாவு வீட்டுல பேசுற பேச்சா அது? ஜோதி தலையைத் தூக்கி என்னைப் பாத்தா. நான் வாசல்ல சேர் எடுத்துப் போட்டுக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு மாமாவுக்காக அத்தனை சேரும் இலவசமாக் குடுத்தேன், அதை யாரும் சொல்லல. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல. பாத்தா, அவ்வளவுதான். கல்லறையில மண்ணு போட்டுட்டு நேரா ஏர்போர்ட்டுக்குப் போயிட்டா. அம்மா தெருவுல ஓடிப்போயி அவளைக் கட்டிப் பிடிச்சாங்க. அம்மாகிட்ட ஏதோ சொன்னா. என்ன சொன்னான்னு அம்மா இன்னைக்கு வரைக்கும் எனக்குச் சொல்லல.

அதோட என் நம்பரை பிளாக் பண்ணிட்டா. அவளையும் அந்த வேலையில இருந்து மாத்திட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, யாரும் மாத்தல, அவளே எழுதிக் குடுத்து மாத்திக்கிட்டாளாம். இப்ப மழை மேகம் பாக்குறாளாம். மேகத்தைப் பாக்க எத்தனையோ பேர் இருக்காங்க சார். எங்க தலைக்கு மேல பாக்க யாரு இருக்கா?

இதுதான் என் வருத்தம். நான் சும்மா சொல்லல. போன மாசம் பூமி ஆடுச்சே, பேப்பர்ல பாத்தீங்களா? பெருசு இல்ல. மத்தியானம் சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம், தட்டு தானா நகருது. அலமாரியில இருந்த டம்ளரெல்லாம் உருண்டு விழுந்துச்சு. நான் எச்சில் கையோட தெருவுக்கு ஓடி வந்துட்டேன். அம்மாவைக் கூப்பிடக்கூடத் தோணல சார். அம்மா பின்னாடி சுவரைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா வந்தாங்க. தெருவே நிக்குது. எல்லாரும் என்னைத்தான் பாக்குறாங்க. ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே கேக்குறான், "என்ன சாத்தையா, இந்தத் தடவை உன் தங்கச்சி சொல்லலயா?"

எனக்கு வந்த ஆத்திரம்! என் சம்சாரம் சுகந்தியோட போன்ல இருந்து கூப்பிட்டேன். அண்ணின்னு நினைச்சு எடுத்துட்டா.

"ஜோதி, இங்க ஆடுச்சு. நீ பாத்தியா, இல்லியா?"

வச்சுருவான்னுதான் நினைச்சேன். வைக்கல.

"எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" அப்படின்னா.

"நல்லாத்தான் இருக்கோம். நீ பாத்தியா?"

"ஆடினதுக்கு அப்புறம் பழைய நண்பர் ஒருத்தரை விட்டு அந்த எலக்ட்ரான் கணக்கை எடுத்துப் பாத்தேன். முந்தின வாரத்துல லேசா ஏறித்தான் இருந்துச்சு."

"அப்ப தெரிஞ்சிருக்கும்ல! ஏன்டி சொல்லல?"

"அண்ணே, அதுக்கு முந்தின மாசமும் ஏறியிருந்துச்சு. அதுக்கு முந்தியும். அதுக்கெல்லாம் எதுவும் ஆடல. நான் அந்த வேலையிலயே இருந்திருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. தெரியலன்னு நான் சொன்னா உனக்கு அது காதுலயே விழாது."

வச்சுட்டா. அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்கு இன்னும் விளங்கல. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. தெரியலங்கிறதை எதுக்கு ஒருத்தருக்குச் சொல்லணும்? தெரிஞ்சதைத்தானே சொல்லணும்?

அதுக்கப்புறம் எனக்கு உடம்பே சரியில்ல சார். வெளிய சொல்றதில்ல. பக்கத்துத் தெருவுல லாரி போனாப் போதும், எழுந்து வாசலுக்கு ஓடிடுறேன். மைக்கை எடுத்தா திரும்ப வச்சுடுறேன். கேஸ் முடிஞ்சு ஆம்பிளிஃபயரைக் குடுத்துட்டாங்க, ஆனா யாரும் கூப்பிடுறதில்ல. கூப்பிட்டாலும் போக முடியும்னு தோணல. தரையில படுத்தா அடியில ஏதோ நகர்ற மாதிரியே இருக்கு. கட்டில்ல படுத்தாலும் அப்படித்தான். இந்தக் கப்பல்ல வந்ததுல இருந்துதான் கொஞ்சம் நிம்மதி. இங்க ஆடினா அது கடல், பயமில்ல.

அதனாலதான் அம்மாவைக் கூட்டிக்கிட்டு நேரா அவ வீட்டுக்கே போறேன். அம்மா முதல்ல வரமாட்டேன்னாங்க. அப்புறம் ஒரு நிபந்தனை போட்டாங்க. "நான் மட்டும் உள்ள போறேன். நீ தெரு முனையில நில்லு. அவ கூப்பிட்டா வா. கூப்பிடலன்னா அப்படியே திரும்பிரு." பெத்த அம்மா சொல்ற பேச்சா சார் இது? அவளுக்கு நானும் ஒரு ஆபத்தா? நானும் அப்பாவைப் பறிகொடுத்தவன்தானே? நான் மட்டும் சந்தோஷத்துலயா கத்தினேன்?

சரின்னுட்டேன். வேற என்ன பண்றது? தெரு முனையில நிப்பேன். வெயிலோ மழையோ நிப்பேன். என்னைக்காவது அவ வெளிய வந்துதானே ஆகணும்? பழசை எல்லாம் பேச மாட்டேன். மாமாவைப் பத்தி எடுக்க மாட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன். எங்க ஊர்ல, எங்க வீட்டுல, நான் பயமில்லாமப் படுக்கலாமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லு தாயேன்னு கேப்பேன். வரும்னா வரும்னு சொல்லட்டும், எல்லாத்தையும் வித்துட்டு வந்துடுறேன். வராதுன்னா வராதுன்னு சொல்லட்டும், கால்ல விழறேன். ரெண்டுல எதைச் சொன்னாலும் எனக்குச் சம்மதம். தெரியலன்னு மட்டும் அவ சொல்லிடக் கூடாது சார். அதை என்னால தாங்க முடியாது.